மாதிரி லாரி கட்ட எந்த வழி: கிட்டா, டைகாஸ்ட்டா, ஷீட்டா, அச்சா?

எந்தக் கிட்டை வாங்கலாம், எந்தப் பெயின்ட் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செய்யப்போவது காரா, லாரியா? மாதிரி வண்டி கட்ட நான்கு வழிகள் இருக்கின்றன. பெட்டியில் தனித்தனிப் பாகங்களாக வரும் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிக் கட்டலாம். கடையில் விற்கும், உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த டைகாஸ்ட் வண்டியைப் பிரித்து, நம் விருப்பப்படி மாற்றலாம். வெறும் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி முழு வண்டியையும் கையாலேயே கட்டலாம். கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கலாம். இவற்றில் எது உயர்ந்தது என்று பொதுவாக வாதிட்டுப் பயனில்லை. வண்டியின் உருவம்தான் வழியைத் தீர்மானிக்கிறது. பணமும் கைப்பழக்கமும் அதற்கு அடுத்தபடிதான்.

அம்பாசடர் காரின் முன்பக்கத்தைப் பாருங்கள். போனட்டும் மட்கார்டும் ஹெட்லைட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நேர்க்கோடு கிடையாது. ஒவ்வொரு பரப்பும் இரண்டு திசைகளில் வளைகிறது. அதே சாலையில் போகும் சரக்கு லாரியின் பின்பாடியில் வளைவு என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பலகை, ஆங்கிள், சட்டம், குறுக்குக் கட்டை எல்லாமே நேரானவை. காரைத் தட்டையான ஷீட்டில் செய்ய முயல்பவர் வளைவோடு மல்லுக்கட்டியே சோர்ந்துவிடுவார். லாரிக்கு அச்சில் வார்த்த உடலைத் தேடி அலைபவரோ கையில் இருக்கும் எளிய வழியை விட்டுவிடுகிறார்.

அளவு விகிதத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. 1/24 என்றால் உண்மை வண்டியின் 24 மி.மீ. மாதிரியில் 1 மி.மீ. அம்பாசடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், 1/24-இல் அது 18 செ.மீ., 1/43-இல் 10 செ.மீ., 1/64-இல் 7 செ.மீ.க்கும் குறைவு. 8 மீட்டர் லாரி 1/24-இல் 33 செ.மீ., 1/32-இல் 25 செ.மீ., 1/64-இல் 12.5 செ.மீ. வரும். 16 மீட்டர் டிரெய்லர் லாரியை 1/24-இல் கட்டினால் இரண்டடிக்கு மேல் நீளும். அதை வைக்க அலமாரியில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25, ஜப்பானிய, ஐரோப்பியக் கிட்டுகள் 1/24. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கு. ஒன்றின் டயரை மற்றொன்றுக்கு மாட்டினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றின் கேபினை மற்றொன்றின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) உட்காரவைக்கப் போனால் கட்டாயம் இடிக்கும்.

நம் ஊர் லாரிக்கு 1/24 மிகவும் வசதியானது என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பாடி கட்டும் பட்டறைகளில் இன்றும் அளவு பேசுவது அடிக் கணக்கில். 17 அடி பாடி, 22 அடி பாடி என்றுதான் சொல்வார்கள். 1/24 விகிதத்தில் ஓர் அடி சரியாக அரை அங்குலம் ஆகிறது. 17 அடி பாடிக்கு எட்டரை அங்குலம். கால்குலேட்டரே வேண்டாம்.

கிட்: வளைவுகளுக்கு விலை கொடுப்பது

பிளாஸ்டிக் கிட்டில் நாம் விலை கொடுத்து வாங்குவது அந்த வளைவுகளைத்தான். இரும்பு அச்சில் அழுத்தத்தோடு ஊற்றப்பட்ட பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், கூரையின் சரிவையும் கதவு இடுக்கின் நூலளவு கோட்டையும் அப்படியே தருகிறது. கையால் அதை எட்டுவது மிகக் கடினம். ஜப்பானின் ஷிசுவோகா நகரமும் அதன் சுற்றுப்புறமும் இந்தத் தொழிலின் தலைநகரம் என்றே சொல்லலாம். தமியா, ஆவோஷிமா, ஹசெகாவா எல்லாம் அந்தப் பகுதி நிறுவனங்கள். தமியா 1946-இல் மரம் அறுக்கும் நிறுவனமாகத் தொடங்கி, மர மாதிரிகளுக்கு வந்து, 1960-இல் முதல் பிளாஸ்டிக் கிட்டை வெளியிட்டது. அவர்களுடைய கார் கிட்டுகளில் பாகத்துக்குப் பாகம் உட்காரும் துல்லியம், முதல்முறை கட்டுபவருக்குப் பெரிய துணை. பட்டி பூசி இழைக்கும் வேலை மிகக் குறைவு.

லாரி என்றால் இத்தாலேரி நிறுவனம் 1/24-இல் ஸ்கேனியா, வால்வோ, டாஃப் போன்ற ஐரோப்பிய லாரிகளைத் தருகிறது. அமெரிக்காவின் ஏஎம்டி 1/25-இல் பீட்டர்பில்ட், கென்வொர்த் போன்றவற்றை 1970-களில் வெளியிட்டது. அந்தப் பழைய அச்சுகள் இன்றும் மறுவெளியீடாக வருகின்றன. பழைய அச்சு என்பதால் ஓரங்களில் பிசிறு இருக்கும், சேசிஸ் சட்டங்கள் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். முதல் கிட்டாக அதை எடுக்கவேண்டாம். ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ், ஏர் டேங்க், அதிர்வு தாங்கும் கமான் பட்டை என்று லாரியின் அடிவயிறு முழுவதையும் கற்றுக்கொள்ள அதைப்போல வேறு பாடம் இல்லை.

விருப்பப்படி மாற்றிக் கட்டுவது கிட்டுக்கு எதிரான வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். ஏஎம்டி 1958-இலேயே ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கார் கிட்டுகளைக் கொண்டுவந்தது: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அலங்காரமாக மாற்றி, பந்தயத்துக்கு ஏற்றபடி. மாற்றிக் கட்டும் ஆசை இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆவோஷிமா 1/32-இல் வெளியிடும் ஜப்பானிய அலங்கார லாரிக் கிட்டுகளைப் பார்த்தால் நம் ஆட்கள் துள்ளிவிடுவார்கள். வரிசை வரிசையாக விளக்கு, கேபின் தலையில் கிரீடம்போல எழும் பலகை, பக்கவாட்டில் முழுநீள ஓவியம். லாரியை அலங்கரிக்கும் ஆசையில் ஜப்பானிய ஓட்டுநரும் நம் ஓட்டுநரும் உறவினர்கள்.

கிட்டின் பெரிய குறை ஒன்றுதான்: நமக்கு வேண்டிய லாரி அதில் இல்லை. பெரிய கிட் நிறுவனங்களின் பட்டியல்களில் டாட்டா 1210-ஐயோ அசோக் லேலண்ட் காமெட்டையோ நான் பார்த்ததில்லை. விலையும் ஒரு தடை. ஜப்பானியக் கிட் அனுப்புச் செலவும் சுங்கமும் சேர்ந்து நம் வீட்டுக்கு வரும்போது சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். பெயின்டும் கருவிகளும் தனிச் செலவு.

கிட் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பாலிஸ்டைரீன் பசை ஒட்டும் பசையே அல்ல. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. அதனால் குரோம் பூச்சு இருக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டாமல் போட்டால் நிற்காது. கண்ணாடிப் பாகத்தருகே உடனடிப் பசை (சூப்பர் குளூ) போட்டால் வெள்ளைப் புகைபடிந்து கெட்டுவிடும். அங்கே ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையே சரி. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் பாலிஸ்டைரீனை உருக்கிவிடும். அந்தத் தின்னர் கலந்த கார் பெயின்டை அடிப்பதாக இருந்தால் முதலில் பிரைமர் பூசி, பெயின்டையும் மெல்லிய தூவலாகப் பல முறை அடிக்கவேண்டும். மழைக்காலத்தில் இப்படித் தின்னர் கலந்த லேக்கர் வகைப் பெயின்டை அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பெயின்டில் படிந்து பளபளப்பு வெளுத்துவிடும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காலை நேரத்தைத் தவிர்த்து, வெயில் ஏறிக் காற்று உலர்ந்த பிறகு அடிப்பது நல்லது.

டைகாஸ்ட்: வேகமும் வரம்பும்

ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் வண்டிகளை வாங்கி மாற்றுவதுதான் மிக மலிவான தொடக்கம். அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலையைத் துளையிட்டு எடுத்தால் வண்டி நான்கைந்து துண்டுகளாகப் பிரிந்துவிடும். பழைய பெயின்டைக் கரைத்து நீக்கி, பிரைமர் அடித்து, புதிய நிறமும் புதிய சக்கரமும் போட்டு, ரிவெட் இருந்த துளையில் மரை வெட்டிச் சிறு திருகால் பூட்டிவிடலாம். ஒரு வார இறுதியில் ஒரு வண்டி முடியும். பெயின்ட் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. உலோகம் என்பதால் தின்னர் அதை ஒன்றும் செய்யாது; பிடிக்கவில்லையென்றால் மறுபடி கரைத்துவிட்டுத் தொடங்கலாம். பெயின்ட் நீக்கியைக் கையாளும்போது கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

வரம்பு எங்கே வருகிறது என்றால் உருவத்தை மாற்றும்போது. துத்தநாகக் கலவை உலோகத்தை அறுப்பதும் ராவுவதும் மெதுவான வேலை. கூரையைத் தாழ்த்தவோ கேபினை நீட்டவோ வேண்டுமானால் சிறு மோட்டார் கருவியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். இன்னொன்று, 1/64 என்று சொல்லப்படும் இந்த வண்டிகள் எல்லாம் ஒரே விகிதத்தில் இல்லை. பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதால் லாரியைச் சுருக்கியிருப்பார்கள். காரும் லாரியும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்கும். தனித்தனியே பார்த்தால் அழகு. ஒரே காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பொருந்தாது.

நம் வண்டிகள் வேண்டுமென்றால் இங்கே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் இந்தியத் தயாரிப்பு பிளாஸ்டிக் பொம்மைகளில் அம்பாசடர், ஆட்டோ, லாரி எல்லாம் கிடைக்கின்றன. சென்டி டாய்ஸ் இதில் பலரும் அறிந்த பெயர். உருவம் ஓரளவு சரியாக இருக்கும். நுணுக்கம் இருக்காது. அம்பாசடர் செய்ய ஆசைப்படுகிறவருக்கு என் பரிந்துரை இதுதான்: அந்தப் பொம்மையை உடலாக எடுத்துக்கொண்டு, உள்ளிருக்கும் ஸ்பிரிங் மோட்டாரைக் கழற்றிவிட்டு, சக்கரம், கிரில், கண்ணாடி, இருக்கை எல்லாவற்றையும் புதிதாகச் செய்யுங்கள். வளைவு வேலையை யாரோ முடித்துத் தந்துவிட்டார்கள். எஞ்சியதில்தான் உங்கள் கை தெரியும்.

ஷீட்: லாரிக்கு உரிய வழி

இப்போது லாரிக்கு வருகிறேன். டாட்டா, அசோக் லேலண்ட் லாரிகள் நெடுங்காலம் கேபின்கூட இல்லாத சேசிஸாகத்தான் விற்கப்பட்டன. எஞ்சினும் முன்முகப்பும் சட்டமும் சக்கரமும் மட்டும் வரும். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் அதைப் பட்டறைக்கு ஓட்டி வருவார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகளில் தச்சரும் வெல்டரும் டிங்கரும் பெயின்டரும் சேர்ந்து மரமும் தகடும் கொண்டு கேபினையும் பாடியையும் கட்டுவார்கள். பஸ் என்றால் கரூர். ஆகவே நம் லாரி என்பது பாதிக்கு மேல் கையால் கட்டப்பட்ட பொருள். பலகையை அளந்து அறுத்து அடுக்கிய ஒன்றை மாதிரியிலும் பலகை பலகையாக அளந்து அடுக்கிக் கட்டும்போது, பட்டறை வேலையின் ஒழுங்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. ஏன் இந்தக் குறுக்குக் கட்டை இங்கே இருக்கிறது, ஏன் பின்கதவுக் கீல் வெளியே தள்ளியிருக்கிறது என்பதெல்லாம் கட்டும்போதுதான் புரிகிறது.

ஷீட்டில் இரண்டு வகை. விளம்பரப் பலகைக் கடைகளிலும் கட்டடக்கலை மாணவர்கள் வாங்கும் கடைகளிலும் கிடைக்கும் பிவிசி ஃபோம் ஷீட். பலரும் சன்போர்டு என்பார்கள். விலை குறைவு, கத்தியால் சுலபமாக வெட்டலாம், உடனடிப் பசை நொடியில் பிடிக்கும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தனியார் பஸ் ரசிகர்கள் செய்யும் மாதிரிகளில் பெரும்பாலானவை இதில்தான். ஆனால் மேற்பரப்பு மென்மையானது. நகம் பட்டாலே பள்ளம் விழும். வெட்டிய ஓரத்தில் நுண்துளைகள் தெரியும். பட்டி பூசித் தேய்க்காவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு பஞ்சுபோலக் காட்டும். இரண்டாவது வகை, திடமான ஸ்டைரீன் ஷீட்; கிட்டில் வரும் அதே பாலிஸ்டைரீன்தான். இதன் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் மேலே கீறி மடக்கினால் கோட்டோடு நேராக உடையும், கிட் பசையில் கரைந்து ஒன்றாகும், உப்புத்தாளில் கண்ணாடிபோல இழைக்கலாம். சேசிஸ், கேபின், முன்முகப்புக்கு ஸ்டைரீன். பாடியின் உட்கூட்டுக்கும் பெரிய பரப்புகளுக்கும் ஃபோம் ஷீட் என்று பிரித்துக்கொண்டால் செலவும் தாங்கும், தரமும் நிற்கும்.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஓர் அங்குலப் பலகை 1/24-இல் ஏறத்தாழ 1 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் 1 மி.மீ. ஸ்டைரீன் அப்படியே பலகையாகிவிடுகிறது. அதே ஷீட்டை 1/64-இல் பயன்படுத்தினால் இரண்டரை அங்குலம் தடித்த பலகையாகத் தெரியும். லாரி கோட்டைச் சுவர்போல ஆகிவிடும். அதனால்தான் கையால் கட்டுபவர் 1/32-க்குக் கீழே இறங்கவேண்டாம் என்கிறேன். எழுத்துக்கும் இதுவே பொருந்தும். பாடியில் அரையடி உயரத்துக்கு எழுதிய ஊர்ப் பெயர் 1/24-இல் 6 மி.மீ.; மெல்லிய தூரிகையால் எழுதலாம். 1/64-இல் 2.4 மி.மீ.; எழுத்தின் சுழியே அடைந்துபோகும்.

கமான் பட்டையை 0.5 மி.மீ. ஷீட்டிலிருந்து கீற்றுகளாக வெட்டி, ஒன்றைவிட ஒன்று நீளம் குறைவாக அடுக்கி, லேசாக வளைத்து ஒட்டவேண்டும். அது ஒரு மாலை முழுக்க நீளும் வேலை, ஆனால் லாரியின் நிற்பே அதில்தான் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி என்றால் பட்டை ஏறக்குறைய நேராகவும், காலி வண்டி என்றால் வளைந்தும் இருக்கவேண்டும். தார்ப்பாய்க்கு மெல்லிய டிஷ்யூத் தாளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தி, தையல் நூலால் கயிறு கட்டிக் காயவிட்டால் மடிப்பெல்லாம் தானாக விழும். பிறகு மங்கலான நிறம் பூசிக்கொள்ளலாம். பின்பக்க ஓவியத்தையும் வாசகங்களையும் டெக்காலாக (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படமாக) அச்சிட நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. ஒளி ஊடுருவும் டெக்கால் தாளில் அச்சிட்ட மஞ்சள் எழுத்தைச் சிவப்பு நிறப் பரப்பின் மேல் ஒட்டினால் காணாமல் போய்விடும். வெள்ளை டெக்கால் தாளில் அச்சிடவேண்டும், அல்லது அந்த இடத்தில் முதலில் வெள்ளை அடித்துக்கொள்ளவேண்டும். முடிந்தவரை கையால் எழுதுங்கள். உண்மை லாரியிலும் தூரிகைதான் எழுதியது. கை நடுக்கத்தில் வரும் சிறு கோணல்கூட அங்கே பொருந்தும்.

ஷீட் வழியின் குறையையும் சொல்லியாகவேண்டும். அளவு வரைபடம் நமக்கு யாரும் தரமாட்டார்கள். நிற்கும் லாரியை அனுமதி கேட்டு, டேப் வைத்து அளந்து, நேர் பக்கவாட்டில் தூரத்திலிருந்து படம் எடுத்துத்தான் வரையவேண்டும். அருகிலிருந்து எடுத்த படத்தில் ஓரங்கள் வளைந்து அளவு தப்பும். பொறுமை உள்ளவருக்கே இந்த வழி. மாதங்கள் ஆகும்.

அச்சு: எதற்கு மட்டும்?

முப்பரிமாண அச்சு வந்த பிறகு கையால் கட்டுவதற்கு என்ன அவசியம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கும் அச்சுப்பொறியில் ஓர் அடுக்கின் தடிமன் 0.05 மி.மீ.க்கும் கீழே இறங்கும். ஹெட்லைட் வளையம், சக்கர நட்டுகள், லேலண்ட் முகப்பின் கிரில், டீசல் டேங்க் மூடி போன்ற வளைவான சிறு பாகங்களுக்கு இதற்கு ஈடு இல்லை. ஒரே பாகம் பல எண்ணிக்கையில் வேண்டும்போது இது வரப்பிரசாதம்.

ஆனால் பெரிய தட்டைப் பரப்புக்கு இது ஏற்றதல்ல. மெல்லிய நீண்ட பலகையை ரெசினில் எடுத்தால் கோணிக்கொள்ளும். இழை உருக்கி அச்சிடும் வகையில் எடுத்தால் அடுக்குக் கோடுகள் தெரியும். அதைத் தேய்த்து மறைக்கும் நேரத்தில் ஷீட்டை வெட்டி முடித்திருக்கலாம். அந்த வகையில் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த பாகம் 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மாதிரியை விட்டுவிட்டால், எடுக்கும்போது பாடி தொங்கியிருக்கும். ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். கையுறை, காற்றோட்டம், கழுவும் ஆல்கஹால், புறஊதா விளக்கு எல்லாம் வேண்டும். சிறு குழந்தைகள் இருக்கும் ஒரே அறை வீட்டில் அந்தப் பொறியை வைக்கவேண்டாம் என்பதே என் எண்ணம். வரைந்த கோப்பைக் கொடுத்து வெளியே அச்சிட்டு வாங்கலாம்; சொந்தப் பொறி கட்டாயமில்லை. உண்மையான உழைப்பு வரைவதில்தான். மென்பொருளில் லாரி முகப்பை வரையக் கற்பதற்குச் செலவாகும் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, கார் செய்ய விரும்புகிறவர் கிட் வாங்கட்டும். இந்தியக் கார் வேண்டுமென்றால் பொம்மையைத் திருத்தட்டும். பெயின்ட் பழகவும் மாலைப் பொழுதைக் கழிக்கவும் டைகாஸ்ட் போதும். பள்ளி மாணவருக்கும் அதையே சொல்வேன். லாரி, பஸ், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி என்று நம் சாலையில் ஓடும் பெரிய வண்டிகளைச் செய்ய ஆசைப்படுகிறவர் ஷீட்டை எடுக்கட்டும். வளைவுப் பாகங்களை மட்டும் அச்சில் வாங்கிக்கொள்ளட்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு மட்டும் ஷீட்டோடு பித்தளைக் கம்பியும் குழாயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோபுரச் சட்டத்தை ஸ்டைரீனில் செய்தால் சில மாதங்களில் வளைந்துவிடும். லாரியில் இறங்குவதற்கு முன் ஒரே ஒரு கார் கிட்டையாவது கட்டி முடித்துவிடுங்கள். பசை, பட்டி, பிரைமர், பெயின்ட் என்ற வரிசை கைக்குப் பழகியிருந்தால், ஷீட்டில் உருவத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

எந்த வழியில் லாரி கட்டினாலும் முதலில் தேடவேண்டியது சக்கரம். பலகையை எந்த அளவிலும் வெட்டலாம், கேபினை எந்த அளவிலும் கட்டலாம். டயரை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. இரண்டு ஆக்சில் லாரிக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஸ்டெப்னி ஒன்று என ஏழு வேண்டும், ஏழும் ஒன்றுபோல இருக்கவேண்டும். லாரியில் வரும் 10.00-20 அளவு டயரின் விட்டம் சுமார் 105 செ.மீ., அதாவது 1050 மி.மீ. 1/24-க்கு 44 மி.மீ., 1/32-க்கு 33 மி.மீ. சக்கரம் தேவைப்படும். சந்தையில் கிடைத்த பொம்மைச் சக்கரம் அழகாக இருந்து, விட்டம் 40 மி.மீ. என்றால் 1050-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள்: 26 வருகிறது. அப்படியானால் 1/26-இலேயே லாரியைக் கட்டுங்கள். கிட் கட்டுபவரைப்போல நீங்கள் யாருடைய விகிதத்துக்கும் கட்டுப்பட்டவர் அல்ல. ஏழு சக்கரங்களையும் வாங்கி மேசைமேல் வைத்த பிறகு வரைபடத்தில் முதல் கோட்டைப் போடுங்கள்.